பதினொரு நிமிடம் முன்பே

மாலை நான்கு பத்துக்கு அமுதவல்லியின் இடப்பக்கக் கழுத்துத் தமனியில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் கூடத் தொடங்கின. கழுத்தில் காயம் எதுவும் இல்லை.

திரையில் முதலில் பார்த்தவர் உதவியாளர் பொன்னுரங்கம்.

"டாக்டரம்மா, கொஞ்சம் அசையாம உக்காருங்க."

குருதிநோக்கி அமுதவல்லி கண்டுபிடித்தது. தோலைக் கீறாமல் ரத்தக் குழாய்க்குள் பார்க்கும் நுண்ணோக்கி. அதில்தான் அவள் கண்டாள்: காயம் படுவதற்குப் பதினொரு நிமிடம் முன்பே அந்த இடத்தில் ரத்தம் உறையத் தொடங்கிவிடுகிறது. ரத்தத்துக்கு எப்படித் தெரிகிறது என்பது தெரியவில்லை.

பட்டறைகள் கருவியை வாங்கின. விரலில் தட்டணுக்கள் கூடியவர்களை இயந்திரத்திலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்தன. காயங்கள் நின்றன. ஆனால் வராத காயத்துக்காக உறைந்த ரத்தம் கரையவில்லை. நுரையீரலுக்குப் போனது. முப்பத்தொரு பேர் அந்த நாற்காலிகளிலேயே இறந்தார்கள்.

பிறகு விதி வந்தது. கூடிய இடத்தில், பதினொரு நிமிடத்துக்குள், ஊசியால் குத்த வேண்டும். காயம் வந்துவிட்டால் ரத்தம் அடங்கும். இந்த ஆய்வகத்தில் குத்துவது பொன்னுரங்கத்தின் வேலை.

"நானூறு விரலுக்கு மேல குத்தியாச்சுங்க. கழுத்த இதுவரைக்கும் யாரும் நீட்டலைங்க."

அவள் சிரிக்கவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள். கத்தி இல்லை. உடையக்கூடிய கண்ணாடி இல்லை. கதவு பூட்டியிருந்தது. பொன்னுரங்கம் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"இந்தப் பக்கம் வாங்க, பொன்னுரங்கம்."

அவர் எழுந்து வலப்பக்கம் வந்தார்.

இடப்பக்கத் தமனியின் ரத்தக்கட்டி அப்படியே இருந்தது. இப்போது வலப்பக்கத் தமனியிலும் தட்டணுக்கள் கூடின. மெல்லிய நார்கள் ஒன்றையொன்று பற்றிப் பின்னத் தொடங்கின.

இருவரும் திரையையே பார்த்தார்கள்.

"என்னையப் பாத்துதானுங்க கூடுது," என்றார்.

"அப்ப அந்த நானூறு விரல்?"

"அதுகளும் என் ஊசியத்தான் பாத்திருக்கும் போலங்க."

மணி நான்கு பதினெட்டு. அவர் கையில் ஊசி இருந்தது. எப்போது எடுத்தார் என்பதை இருவருமே கவனித்திருக்கவில்லை.

"நான் வெளிய போனா இது மூளைக்கு ஏறீரும். இங்கயே இருந்தா குத்தீருவனுங்க, கழுத்துத் தமனி கிழிஞ்சா ரத்தம் நிக்காதுங்க. நீங்களே சொல்லுங்க டாக்டரம்மா, போகட்டுங்களா, இருக்கட்டுங்களா?"