வில் ஓய்ந்த பிறகு ஒரு சத்தம்

அம்பு வைக்கோல் பொதியில் குத்திய சத்தத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு சத்தம் வந்தது. சரக். அவ்வளவுதான். கர்டிஸ் வில்லைக் கீழே வைக்காமல் கொல்லையிலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டான். வேலிக்கு அந்தப் பக்கம் அறுவடை முடிந்த மக்காச்சோளக் கொல்லை, அதைத் தாண்டி இலை உதிர்த்த ஓக் மரங்கள், சாம்பல் பூசிய நவம்பர் வானம். மறுபடி ஒன்றும் கேட்கவில்லை. எங்கோ ஒரு ஸ்க்ரூ ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டான்.

அந்த வில் ஏற்கெனவே அவன் மானத்தை வாங்கியிருந்தது. இரண்டு முனையிலும் கப்பி வைத்த காம்பவுண்ட் வில்; விட்டால் அம்பு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எந்த அம்பையும்விடச் சத்தம் வேகமாகப் போகும். அமெரிக்காவின் விஸ்கான்சின் காட்டு மான்களுக்கு அந்த ஒரு கணம் போதும். இடது கொம்பு ஒடிந்த ஒற்றைக் கொம்பன் ஒன்று, இருபது கஜத்தில் நின்றுகொண்டு, நாண் அதிர்ந்ததுமே முழங்காலை மடக்கிப் பதுங்கியது. அம்பு அதன் முதுகுக்கு மேலே போயிற்று. ஒரு முறையா, மூன்று முறை. மூன்றாவது முறையை, பக்கத்து மரத்துப் பரணிலிருந்து மனைவி மார்லாவின் அண்ணன் டுவேன் பார்த்துத் தொலைத்துவிட்டான்.

"அட மாப்ள, உன் வில்லு போடுற சத்தத்துக்கு மானு மட்டுமில்ல, சர்ச்சுல பாஸ்டர் பேச்சுக்குத் தூங்குறவன்கூட முழிச்சுக்குவான்!"

அன்று இரவுச் சாப்பாட்டில் வீட்டார் எல்லாரும் சிரித்தார்கள். கர்டிஸும் சிரித்து வைத்தான், ஆனால் உள்ளே ஒன்று குத்தியது. ஆகஸ்டில் அந்த வில்லுக்குப் புது நாண் மாட்டிக் கொடுத்தவனே டுவேன்தான். அந்தக் கொம்பன் மேல் டுவேனுக்கும் ஒரு கண். மாட்டும்போதே எதையாவது தளர்த்தி வைத்திருந்தால்? மச்சான்காரனைச் சந்தேகிப்பது பாவம்தான். சந்தேகித்தான்.

அந்த வாரம் முழுவதும் வேலையிலிருந்து வந்ததும் வில்லோடுதான் குடித்தனம். நாணில் ரப்பர்க் குஞ்சம் கட்டினான். வில்லின் இரு கைகளிலும் ரப்பர்க் குமிழ்களை ஒட்டினான். அம்பு உட்காரும் இடத்தில் கம்பளித் துணி வெட்டி வைத்தான், கப்பிக்கு எண்ணெய் விட்டான், நாணுக்கு மெழுகு தேய்த்தான், இருந்த ஸ்க்ரூவையெல்லாம் முடுக்கினான், இலகுவான அம்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கனமானவை வாங்கினான். தினமும் வேலிக் கம்பத்தில் போனை வைத்து, ஒவ்வொரு அம்பின் சத்தத்தையும் பதிவு செய்தான். செவ்வாயன்று நாணின் ரீங்காரம் போயிற்று. புதனன்று வில்கைகளின் அதிர்வு போயிற்று. வியாழனன்று கதவுத் திரை அசைகிற அளவுக்குத்தான் வில் மூச்சுவிட்டது.

அந்தச் சரக் மட்டும் போகவில்லை. மற்றச் சத்தங்கள் விலக விலக அது தெளிவாகிக்கொண்டே வந்தது. அம்புக்கு ஒன்று. விட்டால் வரும், விடாவிட்டால் வராது. வில்லை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தும் ஆடுகிற பொருள் எதுவும் கையில் படவில்லை.

"ஏங்க, சாப்பாடு ஆறிப்போகுது. அந்த வில்லையே கட்டிக்கிட்டுப் படுத்துக்கங்க," என்றாள் மார்லா. அவன் தட்டைக்கூடப் பார்க்காமல் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை காலை வேறு வழியில்லாமல் டுவேனின் கராஜுக்குப் போனான். டுவேன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே ஆறு அம்பு விட்டான். வில் பூனை மாதிரி இருந்தது. சரக் இல்லை.

"வில்லு தங்கமா இருக்கு மாப்ள. உன் காதைத்தான் முடுக்கணும்."

"அப்ப இது என்ன மச்சான்?" கர்டிஸ் போனை நீட்டினான். திங்கட்கிழமைப் பதிவிலிருந்து வரிசையாக ஓடவிட்டான்.

டுவேன் முதலில் சிரித்துக்கொண்டே கேட்டான். பிறகு சிரிப்பு நின்றது. வியாழன் முடிந்ததும் திரும்பத் திங்களைப் போடச் சொன்னான். மறுபடி வியாழன்.

"போனை எங்க வச்ச?"

"தினமும் ஒரே கம்பத்துலதான். ஏன்?"

"போகப் போகச் சத்தம் பெருசாகுதே."

"மத்ததெல்லாம் அடங்கிருச்சுல்ல, அதான் பெருசாக் கேக்குது."

டுவேன் கைகளைத் துணியில் துடைத்தான், துடைத்த கையையே மறுபடி துடைத்தான். "இன்னிக்குத் தனியாப் போகாத மாப்ள. நானும் வரேன். சும்மா கீழ நின்னுக்கிறேன்."

வந்துவிட்டதய்யா அக்கறை, என்று நினைத்துக்கொண்டான் கர்டிஸ். வில் அடங்கிவிட்டது என்று தெரிந்ததும் கொம்பன் கைவிட்டுப் போகுமே என்ற பயம். "வேணாம். ரெண்டு பேர் வந்தா மான் வராது," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

காட்டுக்குப் பின்னால் ஒரு ரயில் பாதை. மதியம் இரண்டரைக்கு மணல் ரயில் காலியாகப் போகும், பொழுது சாயும் நேரத்தில் மணலோடு திரும்பும். வேட்டைக்காரன் சத்தத்துக்குள் ஒளிந்துதான் நடக்க வேண்டும். காற்று வீசினால் ஓரடி, நின்றால் தூக்கிய காலோடு அப்படியே நிற்பது. ரயில் கிடைத்தால் யோகம், அது போய் முடிவதற்குள் மரமே ஏறிவிடலாம். கர்டிஸ் இதில் கெட்டிக்காரன். அன்றும் காலி ரயிலின் இரைச்சலுக்குள் சருகுகளை மிதித்துக்கொண்டு வந்து, மரத்தின் பின்பக்கம் நாடாவால் கட்டியிருந்த பன்னிரண்டு இரும்புப் படிகளிலும் ஏறிப் பரணில் உட்கார்ந்தான். தன் காலடி தனக்கே கேட்கவில்லை என்பதில் அவனுக்கு ஒரு பெருமை.

காற்று அடங்கிவிட்டது. ஈரமண்ணும் அழுகின இலையும் மணத்தன, குளிரில் மூக்கு நுனி மரத்தது, நிழல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மரங்களுக்கு நடுவே இடமில்லாமல் செய்தன. அணில்கூட இல்லை. அதுதான் முதலில் உறுத்தியது.

ஒற்றைக் கொம்பன் வந்தது. இருபது கஜம். கர்டிஸ் நாணை இழுத்தான், கப்பிகள் சுழன்று கனம் இறங்கியது. விட்டான்.

வில் சத்தமே போடவில்லை. மான் பதுங்கவில்லை. விலாவில் அம்போடு நாலடி நடந்து சாய்ந்தது. ஜெயித்துவிட்டான். அந்தச் சந்தோஷம் தொண்டை வரைக்கும் வந்தது.

சரக்.

அவனுக்கு நேர் கீழே. மரத்தின் அடியில். வில்லில் இருந்து வரவில்லை. ஒரு காலின் கனம், சருகின் மேல், நிதானமாக.

டுவேன்! சொல்லச் சொல்லக் கேட்காமல் வந்துவிட்டான். திட்டுவதற்குக் குனிந்து பார்த்தான். யாரும் இல்லை. மரத்தைச் சுற்றிச் சருகுகள் மட்டும், ஓரிடத்தில் அமுங்கி, நிமிராமல்.

சாய்ந்து கிடந்த மான் இன்னும் சாகவில்லை. கடைசி உதறலில் அதன் கால் ஒரு கட்டையில் மோதியது. டப்.

பின்பக்கம் இரும்புப் படியில், டிக்.

கர்டிஸுக்குக் கை தானாகவே அடுத்த அம்பைப் பூட்டியது. முழுக்க இழுத்து, மரத்தைச் சுற்றி எட்டிப் படிகளைப் பார்த்துக் குறிவைத்தான். படிகள் காலியாக இருந்தன. முதல் படியைக் கட்டிய நாடா மட்டும் கனத்தில் விறைத்து நின்றது.

அப்போதுதான் புரிந்தது. திங்கட்கிழமை அது சோளக் கொல்லையில் இருந்தது. வியாழக்கிழமை வேலிக்கருகில். அவன் விட்ட ஒவ்வொரு அம்பின் சத்தத்துக்குள்ளும் ஓரடி. அம்பு மட்டுமா? புல்வெட்டும் இயந்திரம், மார்லாவின் மிக்ஸி, இரவெல்லாம் ஓடும் ஹீட்டர். எத்தனை வருடமோ. இன்று காலி ரயிலின் இரைச்சலுக்குள் அவன் பின்னாலேயே வந்திருக்கிறது. இப்போது சத்தத்தைக் குறைத்து, அது ஒளிந்திருந்த போர்வையை அவனே உருவிவிட்டான்.

ஆடக்கூடாது. அசையக்கூடாது. டுவேனைக் கூப்பிட்டுக் கத்தலாமா? கத்தலும் சத்தம்தான். இழுத்த வில்லைத் தளர்த்தவும் முடியாது. கப்பி திரும்பும்போது ஓர் உலுக்கு உலுக்கும், ஏதாவது கிறீச்சிடும். தோள் எரிந்தது. முழங்கை நடுங்கத் தொடங்கியது. மூச்சை வாயால் விட்டான்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. இரண்டு தடவை. மார்லாவாக இருக்கும்.

டிக். டிக்.

மூன்றாவது படி. இன்னும் ஒன்பது. அவன் சத்தமே போடாவிட்டால் அது வராது. விடியும்வரை இருக்கலாம். டுவேன் தேடி வருவான். மச்சான் நல்லவன். கண்ணில் நீர் முட்டியது. மச்சான் நல்லவன்.

மேற்கே, வெகு தூரத்தில், ஒரு ஊதல்.

கர்டிஸ் வேண்டாம் என்று தலையசைத்தான். யாரிடம் என்று தெரியவில்லை. மணல் ரயில். நூற்றுப்பத்துப் பெட்டி. கடந்து போக மூன்று நிமிடம்.

இரைச்சல் காட்டுக்குள் புகுந்தது. மரம் நடுங்கியது. படிகளைப் பார்த்தான். நாலாவது நாடா விறைத்தது. எட்டாவது. காது முழுக்க ரயில். வேறெதுவும் கேட்கவில்லை. பெட்டிகளை எண்ணினான். ஐந்து. ஆறு.

ஏழாவது பெட்டி கடக்கும்போது, பரணின் இடது ஓரம், இன்னொரு ஆள் ஏறி நின்றால் தாழ்கிற அளவுக்கு, மெதுவாகத் தாழ்ந்தது.