மூன்றாம் வளைவில் விழாத கியர்

"யாரோ என்னக் கொல்லப் பாக்குறாங்கண்ணே," என்றான் சடையன்.

கச்சிராயபாளையத்தில் மெக்கானிக் பாவாடையின் பட்டறை வாசலில், வெள்ளிமலையிலிருந்து கட்டி இழுத்துவந்த அவனுடைய பழைய பிக்கப் முகம் நசுங்கி நின்றது. அவன் மனைவி பாப்பாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றாள்.

"நேத்து காலைல ஆறு பேர ஏத்திக்கினு எறங்குனேன். மூணாவது வளைவுல செகண்டுக்கு மாத்துறேன், கியர் ராடு தொளதொளன்னு ஆடுது. ஒரு கியரும் விழல. வண்டி பிச்சுக்கினு ஓடுது. பிரேக்க மிதிச்சு மிதிச்சுப் பொகையே வந்துடுச்சு. ஒரு பக்கம் பள்ளம். பின்னால எல்லாரும் கத்துறாங்க. மலப்பக்கமா ஒடிச்சு மோதித்தான் நிறுத்துனேன். மச்சினன் தமிழழகனுக்குக் கால் ஒடஞ்சிடுச்சு."

பாவாடை வண்டிக்கு அடியில் புகுந்தார். வெகுநேரம் டார்ச் வெளிச்சம் மட்டும் அசைந்தது. வெளியே வந்தபோது, விரல் நீள ஆணி ஒன்று கையில் இருந்தது.

"கியர் ராடையும் கம்பியையும் சேக்குற ஆணி. சேசிஸ் இடுக்குல கெடந்துச்சு. இது கழண்டு வுழாம இருக்க போன வாரம்தான் புது லாக் பின் போட்டு, கால மடக்கி வுட்டேன். அது தானா கழலாது. ஒடஞ்சிருந்தா துண்டு ஓட்டையில சிக்கியிருக்கும். பின்ன யாரோ உருவியிருக்காங்க."

"இன்னொரு வண்டி ஓட்டுற முனியன்தாங்க!" பாவாடையின் மனைவி மலர்விழி பரபரத்தாள். "அவன் சவாரியெல்லாம் சடையண்ணன் புடிச்சிட்டாருன்னு கறுவிக்கினு இருந்தான்."

பாவாடை சடையன் பக்கம் திரும்பினார். "சடையா, பின்ன உருவ பிளையர் வேணும். உன்னுது எங்க இருந்துச்சு?"

"டூல் பெட்டியில. பூட்டு அப்படியே இருக்கு. சாவி வூட்டுக்குள்ள."

"கெளம்பறப்ப இன்னா நடந்துச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே. இவதான் 'நிறுத்து, நிறுத்து'ன்னு வண்டி பின்னாலயே ஓடியாந்தா. தம்பி போறானேன்னு அழுவுறாளாக்கும்னு நெனச்சேன்."

"எங்க போறான்?"

சடையன் தலை குனிந்தான். "ஆந்திராவுக்கு. செம்மரம் வெட்ட."

மலர்விழியின் முகம் வெளிறியது. இரண்டு வருடத்துக்கு முன் அதே வேலைக்குப் போன பாப்பாத்தியின் அண்ணன் பிணமாகத்தான் மலையேறினான்.

"கொல்ல நெனைக்கிறவன் பிரேக்குல கை வெப்பான்," என்றார் பாவாடை மெதுவாக. "கியர்ல கை வெச்சவங்களுக்கு வண்டி கெளம்பக் கூடாது, அவ்ளோதான். இந்தப் பின் இல்லன்னா வண்டி வூட்டாண்டயே நின்னுடும்னு போன வாரம் நான்தான் சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் கேட்டுக்கினு இருந்தீங்க. ஆனா பின்ன உருவுனதும் ஆணி விழுந்துடாது, ஆடி ஆடித்தான் விழும். அத நான் சொல்லல. சொல்லியிருக்கணும். வண்டிக்கு ஒண்ணும் ஆவறதுக்கு முன்னாடியே நிறுத்தச் சொன்னது ஒரே ஆளு. இல்லியா தங்கச்சி?"

பாப்பாத்தி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "நவுராதுன்னு நெனச்சேண்ணே. நவுந்துடுச்சு. கத்துனேன், யாருக்கும் கேக்கல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!" சடையன் குரல் உடைந்தது.

"தம்பிய அனுப்பாதன்னு மூணு நாளா சொன்னேன். நீ கேட்டியா?"

பாவாடை ஆணியை மாட்டி, புதுப் பின்னைச் செருகி, அதன் கால்களை மடக்கினார். மலர்விழி கியர் ராடை அசைத்துப் பார்த்தாள். கியர் கச்சிதமாக விழுந்தது.

சடையனின் போன் அடித்தது. ஆள் பிடிக்கும் ஏஜெண்ட். எடுக்கவே அவன் பயந்தான். நாலாவது மணியில் எடுத்தான்.

"மீதி ஆளுங்கள எப்ப எறக்குற?"

"வண்டி ரிப்பேருங்க."

"எப்ப சரியாவும்?"

சடையன் கீழே உட்கார்ந்திருந்த பாப்பாத்தியைப் பார்த்தான்.

"இனிமே சரியாவாதுங்க," என்றான்.