மாதிரிப் பெயர்

கரிக்கலாம்பாக்கத்தில் மனை போட்ட வயலில் முதல் வீடு எங்களுடையது. சுற்றிலும் எல்லைக் கல்லும் கோரைப்புல்லும்தான். குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பேய் என்றால் சிரிக்கிற ஆள் நான். இப்போது என்னிடம் யாரும் அந்தப் பேச்சை எடுக்காமல் இருந்தால் புண்ணியமாகப் போகும்.

ஆபீசில் ஃப்ளெக்ஸ் பேனர் கடைகளுக்காக ஒரு ஆப் செய்துகொண்டிருந்தோம். பிறந்தநாள், காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் பெயரும் தேதியும் போட்டால் போனிலேயே பேனர் தயார். ஒவ்வொரு திரைக்கும் ஒரே தொடக்க புரோகிராம் வரிகளைத் திரும்பத் திரும்ப எழுதிச் சலித்துப்போன எங்கள் டீம் பிரிட்டோ, ஒரு சின்ன டூல் செய்தான். 'கூடு' என்று பெயர் வைத்தான். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் நாலு ஃபைல்கள் வந்து நிற்கும். வெறும் கூடுதான். உள்ளே நிரப்புவது நம் பாடு.

மாதிரிக்கு ஒரு பெயரும் தேதியும் கேட்கும். காலியாக விட்டால் ஓடாது. கண்ணீர் அஞ்சலிக்கு உயிரோடிருக்கிற யார் பெயரைப் போடுவது? ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டினோம்.

"ஏன்பா இப்டி பயந்து சாவுறீங்க? என் பேரையே போட்டுக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே தட்டினான் பிரிட்டோ. வாய்க்கு வந்த ஒரு தேதியையும் போட்டான்.

அந்தத் தேதியில்தான், செலியமேட்டுக்கு வீடு திரும்பும்போது, வழியில் நின்ற கரும்பு டிராக்டரில் மோதினான்.

போன வியாழன் நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். மதியம் எங்கள் டீம் லீடர் அரங்கநாதன் சார் போன் செய்தார். "ஜெயசுதா, சாயங்காலம் கஸ்டமருக்குக் காட்டணும். செத்தவன் பேரு அவுங்க கண்ணுல படலாமா? எடுத்துட்டு வேற போடும்மா."

பிரிட்டோவின் பெயரை அழித்தேன். அழுகை வந்தது. வாயில் நுழையாத ஏதோ நாலு எழுத்தைத் தட்டிக் கூட்டை ஓட்டினேன்.

மின்விசிறி நின்றது.

கரும்புச் சக்கை வாசனை அடித்தது. எங்கள் வீட்டைச் சுற்றி கரும்பு போட்டு எத்தனையோ வருடமாகிறது.

நான் தட்டிய எழுத்துகள் மறைந்து, திரையில் ஒரு கேள்வி வந்தது.

'எனக்குப் பதிலா யாரு?'

விருட்டென்று கையை எடுத்துவிட்டேன். எழுத்துகள் தானாக விழுந்தன.

ம.

ணி.

பா.

மணிபாரதி என் வீட்டுக்காரர். வில்லியனூரில் காலை ஷிப்ட் முடித்து பைக்கில் வந்துகொண்டிருக்கிற நேரம் அது. போன் போட்டேன். ரிங் போனது, எடுக்கவில்லை.

"வேணாம் பிரிட்டோ. அவரு இன்னாடா பண்ணாரு?"

ர.

அழித்தேன். மறுபடி விழுந்தது. பதறிப்போய் பிரிட்டோவின் பெயரையே தட்டினேன்.

'அந்தப் பேரு முடிஞ்சிடுச்சி.'

வேறு யார் பெயரைப் போட எனக்கு மனசு வரும்? என் பெயரைத் தட்டி என்டரை அழுத்தினேன்.

மின்விசிறி சுழன்றது. நாலு ஃபைல்கள் வந்திருந்தன.

கால் மணி நேரத்தில் பைக் சத்தம் கேட்டது. அவர் முகம் வெளுத்திருந்தது.

"டிப்பர் லாரி உரசிட்டுப் போச்சுடி. மயிரிழையில தப்பிச்சேன். யாரோ பின்னாலேந்து சட்டையப் புடிச்சி இழுத்தமாரி இருந்துச்சி."

அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். சட்டைக் காலரில் கரும்பு வாசனை. 

ஃபைலில் என் பெயர் இருந்தது, தேதி காலியாக இருந்தது. காலியாக விட்டால் கூடு ஓடாதே! அழித்துப் பார்த்தேன். மறுநாள் திறந்தால் அதே ஃபைல், தேதியில் மட்டும் 17 விழுந்திருந்தது. நேற்று பார்த்தேன், மாதமும் விழுந்துவிட்டது. வருடம் மட்டும்தான் பாக்கி.

இன்று லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. பையில் போட்டு, ஜிப்பை இழுத்து, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது.

சமையலறையில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். உள் அறையிலிருந்து அவர் குரல் கொடுத்தார்.

"சுதா, பீரோவுக்குள்ள இன்னாடி டைப் அடிக்கிற சத்தம்?"

ஓடிப்போய் நின்றேன். எனக்கும் கேட்டது.

நாலே தட்டல். அதோடு நின்றுவிட்டது.