எழுபத்து மூன்றாம் பக்கம்

பிரிக்ஃபீல்ட்ஸில் பூமாலைக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியை இராமலிங்கம் வாடகைக்கு எடுத்திருந்தார். அன்று அவர் படியேறி வந்தபோது பகல் இரண்டு மணி. வெயில் சட்டென்று மங்கி, மழைக்கு முந்தைய பழுப்பு வெளிச்சம் தெருவில் இறங்கியிருந்தது. பூட்டைத் திறந்தார். விசிறியைப் போட்டார். நாற்காலியில் சாய்ந்து, தன் புத்தகத்தின் அட்டையை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

'அஞ்சறைப்பெட்டிச் சஞ்சீவி'. அவருடைய பதினோராவது நூல். சமையலறைச் சாமான்களைக் கொண்டு சளி முதல் தூக்கமின்மை வரை எல்லாவற்றுக்கும் கைமருந்து. மூன்று மாதத்துக்கு முன்பு டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பிரமுகர் தலைமையில் வெளியீட்டு விழா நடந்தது. அச்சடித்த ஐந்நூறில் முந்நூறு விற்றுவிட்டது. மீதி உள்ளறையில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. இரண்டாம் பதிப்புக்கு முன்னுரை எழுதத்தான் அவர் வந்திருந்தார்.

மேசையில் வைத்த கைப்பேசி அதிர்ந்தது. 'ரிஸ்வானா' என்று திரை காட்டியது. துண்டித்தார். இரண்டு வாரமாக அவள் அழைப்பதும் இவர் துண்டிப்பதுமாக இருந்தது.

மெய்ப்புத் திருத்துபவர்கள் என்றாலே இராமலிங்கத்துக்கு இளக்காரம். எழுத வக்கில்லாதவர்கள் அடுத்தவன் எழுத்தில் பேன் பார்க்கிறார்கள் என்பார். "பிழை பார்த்துப் பிழைக்கிறதெல்லாம் ஒரு பிழைப்பா?" என்று மேடையிலேயே கேட்டுக் கைதட்டல் வாங்கியிருக்கிறார். அச்சகக்காரர் வற்புறுத்தியதால்தான் இந்த நூலை ரிஸ்வானாவிடம் கொடுத்தார். திருச்சியிலிருந்து வந்து ஐந்து வருடமாகக் கிள்ளானில் குடியிருப்பவள். மூன்று வாரம் அவகாசம் கேட்டாள்.

"மூணு வாரமா? நான் புக்கு எழுதினதே ரெண்டு மாசத்துலம்மா. டத்தோ தேதி குடுத்துட்டாரு லா."

"மருந்துப் புத்தகம் சார். அளவையெல்லாம் ஒண்ணொண்ணா சரிபார்க்கணும்."

"படிக்கிறவனுக்கு மூளை இருக்கும்மா. தப்பு இருந்தா அவனே திருத்திப் படிச்சிக்குவான்."

அவள் பத்தே நாளில் முடித்து அனுப்பினாள். அதற்குள் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. அவளுடைய திருத்தங்களை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் இரண்டாம் பக்கத்தில் 'மெய்ப்பு: ரிஸ்வானா' என்று மட்டும் முன்கூட்டியே போட்டிருந்தார். அப்படி ஒரு வரி இருந்தால் புத்தகத்துக்கு ஒரு கௌரவம் பாருங்கள்.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த இரைச்சலுக்கு நடுவே ஏதோ ஒரு சத்தம் கேட்டது. முதலில் தண்ணீர் சொட்டுகிறது என்றுதான் நினைத்தார்.

தண்ணீர் இல்லை. யாரோ படிக்கிறார்கள்.

"மி... ள... கு... மிளகு. சா... சாற்... சாற்றை..."

வயதான ஆணின் குரல். எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவிப் படித்தது. கீழே பூக்கடையில் எவனோ உட்கார்ந்து பொழுது போக்குகிறான் என்று நினைத்தார். எழுத்துக் கூட்டுகிற ஜன்மமெல்லாம் புத்தகத்தைத் தொடுகிறது என்று முகம் சுளித்தார்.

"மிளகுச் சாற்றைக்... கண்... ணில்... விடவும்."

இராமலிங்கம் நிமிர்ந்தார். அது அவருடைய வரி. கிண்ணியில் விடவும் என்றல்லவா எழுதியிருந்தார்?

குரல் உள்ளறையிலிருந்து வந்தது.

எழுந்து போய்க் கதவைத் தள்ளினார். ஆள் இல்லை. பழுப்புக் காகிதம் சுற்றிய கட்டுகள் சுவரோரம் அடுக்கியபடியே இருந்தன. ஒரு கட்டு மட்டும் பிரிந்திருந்தது. ஒரே ஒரு பிரதி தரையில் விரிந்து கிடந்தது. அறை முழுக்க ஒரு வாசனை. பால் அடிப்பிடித்த கருகல். அதற்குள்ளே இனிப்பாக, காரமாக, மூக்கின் உச்சிக்கு ஏறும் இன்னொன்று.

புத்தகத்தை எடுத்தார். பக்கத்தின் கீழ் மூலை ஈரமாக இருந்தது. எச்சில் தொட்ட விரலால் புரட்டிய ஈரம்.

அவர் தொட்டபோது அது இன்னும் காயவில்லை.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, முன்னுரையை வீட்டில் எழுதிக்கொள்ளலாம் என்று இறங்கிப் போனார். எலி இருக்கும், கூரை ஒழுகும் என்று காரில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எலி எங்கே எழுத்துக் கூட்டும் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. தன் எழுத்தையே திரும்பிப் பார்க்காத மனிதர், கேள்வியையா திரும்பிப் பார்க்கப் போகிறார்?

வியாழக்கிழமை மறுபடி வந்தார். நல்ல வெயில், மழையே இல்லை. படி பாதி ஏறும்போதே குரல் கேட்டது. அதே நிதானம். மூன்று சொல் படிக்கும், நிற்கும், திரும்ப முதலிலிருந்து வரும்.

"தூக்கம் வராத... வர்கள்... தூக்கம் வராதவர்கள்..."

அதற்கு மேல் போகவில்லை. பூட்டைத் திறந்ததும் நின்றுவிட்டது. உள்ளறையில் அதே பிரதி, அதே பக்கம். இந்த முறை அவர் பக்க எண்ணைப் பார்த்தார். எழுபத்து மூன்று. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அச்சான பிறகு முதல் தடவையாக, தன் வரியைத் தானே படித்தார்.

'தூக்கம் வராதவர்கள் 4 ஜாதிக்காயை அரைத்துப் பாலில் கலந்து குடித்தால் ஆழ்ந்த உறக்கம் வரும்.'

அவர் எழுதியது ¼. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றும்போது கால் காணாமல் போய் நாலு நின்றிருந்தது. காலே அதிகம். நாலு என்றால்...

வாசனை என்னவென்று இப்போது அவருக்குப் புரிந்தது.

கைப்பேசியை எடுத்து ரிஸ்வானாவை அழைத்தார். குரலில் மிடுக்கு குறையவில்லை.

"என்னம்மா, எழுபத்து மூணாம் பக்கத்துல இவ்ளோ பெரிய தப்பு. நீங்க என்னதான் பார்த்தீங்க?"



"முதல்ல உங்க மெயிலைத் திறங்க சார்," என்றாள். "சிவப்புல வட்டம் போட்டிருக்கேன். 'இந்த ஒரு பக்கத்தையாவது உடனே பாருங்க'ன்னு வாட்ஸ்அப்பும் அனுப்பினேன். தேதியோட இருக்கு. ரெண்டு வாரமா உங்களுக்குப் போன் அடிக்கிறேன். எதுக்குன்னு நினைச்சீங்க?"

"எதுக்கு?"

"டெங்கில் ஊருல உங்க புத்தகத்தைப் படிச்ச ஒருத்தர் செத்துட்டாரு."

அவர் பெயர் தம்புசாமி. எழுபத்தொரு வயது. செம்பனைத் தோட்டத்தில் உழைத்தவர், பள்ளிக்கூடம் போகாதவர். போன வருடம்தான் மகள் லெட்சுமியிடம் எழுத்துக் கற்றுக்கொண்டார். முதன்முதலாகக் கையில் எடுத்துப் படித்த புத்தகம் இதுதான். ஏற்கெனவே பலவீனமான இதயம். மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்து போய்விட்டார். புத்தகத்தில் பெயரைப் பார்த்து, லெட்சுமி ரிஸ்வானாவைத் தேடிப்பிடித்துத் திட்டியிருக்கிறாள். ரிஸ்வானா திருப்பி ஒரு வார்த்தை பேசாமல் டெங்கிலுக்கே போய் வந்திருக்கிறாள்.

"நாலு ஜாதிக்காய யாராச்சும் அரைச்சுக் குடிப்பாங்களாம்மா? கொஞ்சமாச்சும் யோசிக்க வேணாமா?" என்றார் இராமலிங்கம்.

"அவருக்கு எழுத்துமேல சந்தேகப்படத் தெரியாது சார். அச்சுல வந்தா உண்மைன்னு நம்பினவரு. சந்தேகப்பட வேண்டியது நாம. அதுக்குத்தான் என்னை மாதிரி ஒருத்தி." அவள் குரல் இறுகியது. "வித்த புத்தகம் எல்லாத்தையும் திரும்ப வாங்குங்க. பத்திரிகையில அறிவிப்புப் போடுங்க."

"பேரு கெட்டுப் போயிரும்."

"யாரு பேரு சார்?"

அவர் போனை வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை பகலில், சின்னச் சின்ன ஒட்டுத்தாள்களில் 'கால்' என்று அச்சடித்து எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். மீதியிருக்கும் இருநூறில் நாலின் மேல் ஒட்டிவிடலாம். விற்றது விற்றதுதான். வாங்கியவர்களில் பாதிப் பேர் டத்தோவோடு படம் எடுக்க வாங்கியவர்கள், எவன் பிரித்துப் பார்க்கப் போகிறான் என்பது அவர் கணக்கு.

உள்ளறையில் உட்கார்ந்து பத்துப் பிரதிகள் ஒட்டியிருப்பார். வானம் இருண்டு மழை இறங்கியது. விளக்கு ஒரு முறை துடித்து அணைந்தது.

வாசனை வந்தது.

கட்டுகளுக்கு அந்தப் பக்கம், சுவர் மூலையில், யாரோ மூச்சுவிட்டார்கள். விரலை நாக்கில் தொடும் மெல்லிய ஈரச் சத்தம். தாள் புரண்டது.

"தூக்கம்... வராதவர்கள்..."

இராமலிங்கம் அசையவில்லை.

"நா... நாலு..."

குரல் நின்றது.

பிறகு, மிகுந்த மரியாதையோடு, கிசுகிசுப்பாகக் கேட்டது:

"ஐயா. இது நாலுதானுங்களா?"

அவர் கையிலிருந்த ஒட்டுத்தாளைப் பார்த்தார்.

"ஐயா?"

"கால்," என்றார். "கால்... காலுங்க."

மூலையில் தாளின் மேல் விரல் ஊரும் சத்தம் கேட்டது.

"என் புத்தகத்துல நாலுன்னு இருந்துச்சுங்களே."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். தப்பாகப் படித்துவிட்டோமோ என்று தன்னையே சந்தேகப்படும் ஒரு மாணவனின் கூச்சம்தான் இருந்தது. இராமலிங்கத்தின் கையிலிருந்த ஒட்டுத்தாள்கள் தரையில் சிதறின.

தாள் புரண்டது. முதல் பக்கத்திலிருந்து குரல் ஆரம்பித்தது. தப்பு வந்த இடத்திலெல்லாம் நின்றது. "ஐயா, பல்லிக்குக் கிராம்பு வைக்கிறதுங்களா?" பல்வலிக்கு என்று இவர் சொல்ல வேண்டியிருந்தது. "ஐயா, இது என்ன எழுத்துங்க?" அதற்கும் சொன்னார். சொல்லச் சொல்ல, ஒரு தாளில் குறித்துக்கொண்டே போனார். எத்தனை இடம்! ஒவ்வொன்றும் தன் கை எழுதியது, தன் கண் பார்க்காமல் விட்டது. மழை விட்டு, தெருவில் வெயில் திரும்பி, கடைசிப் பக்கம் முடிந்தபோது மணி ஐந்து.

மூலையில் ஆள் இல்லை. கீழே பூக்கடைக்காரி பிறகு சொன்னாள், இராமலிங்கம் படியிறங்கி வந்தபோது சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாராம்.

மறுநாள் பத்திரிகை அறிவிப்பை அவரே எழுதினார். அச்சுக்கு அனுப்பும் முன்பு ரிஸ்வானாவிடம் காட்டினார். 'மெய்ப்பு பார்க்காமல் அச்சிட்டது என் குற்றம். ரிஸ்வானா முன்பே எச்சரித்திருந்தார்' என்று அதில் இருந்தது. அவள் ஒரு ஒற்று மட்டும் சேர்த்தாள்.

விழாவில் வாங்கியவர்களின் முகவரிப் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். சிலர் கதவைத் திறந்து சிரித்தார்கள். சிலர் புத்தகத்தைத் தூக்கி எறிந்தார்கள். ஒரு மாதத்தில் எல்லாம் திரும்பி வந்தன, டெங்கிலில் இருந்த ஒன்றைத் தவிர. லெட்சுமி கொடுக்க மறுத்துவிட்டாள். மன்னிக்கவும் இல்லை.

"அப்பா என்கிட்ட கேட்டாரு," என்று வாசற்படியில் நின்றபடியே சொன்னாள். "'நாலு தானாம்மா, சரியாப் படிக்கிறேனா?'ன்னு கேட்டாரு. நான் அடுப்படியில இருந்து, 'புக்குல போட்டிருந்தா சரியாத்தான்பா இருக்கும்'னு சொல்லிட்டேன். அந்தப் புக்கு என்கிட்டயே இருக்கட்டும். நீங்க போங்க."

அடுத்த திங்கட்கிழமை காலை, எல்லாப் பிரதிகளையும் ஏற்றிப்போக லோரி வந்தது. காகிதத்தைக் கூழாக்கும் தொழிற்சாலை தெலுக் பங்லிமா காராங்கில். இராமலிங்கம் தன் காரில் பின்னாலேயே போனார். கட்டுகள் ஒவ்வொன்றாக இறங்குவதை வெயிலில் நின்று பார்த்தார். கடைசிக் கட்டும் இறங்கியதும் லோரி ஓட்டுநர் செல்வகுமார் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"Boss, உங்ககூட வந்த பெரியவரு எறங்க மாட்டேங்கிறாரு."

"எந்தப் பெரியவரு?"

"பின்னாடி உட்கார்ந்து வந்தாரே லா. இன்னும் ஒண்ணு பாக்கின்னு சொல்றாரு."

"அது டெங்கில்ல இருக்கு. குடுக்க மாட்டேன்னுட்டாங்க."

"அது இல்லையாம் boss. உங்க வீட்டுல ஒண்ணு இருக்காம்."

லோரியின் பின்புறம் காலியாகத்தான் கிடந்தது. இராமலிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. டத்தோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த முதல் பிரதி! அது புத்தகம் என்றே அவருக்கு நினைவில்லை. வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில், பட்டுத்துணி சுற்றி, கேடயங்களோடு வைத்திருந்தார். மனைவிக்கு அழைத்தார்.

"புஷ்பவல்லி, அலமாரியில இருக்கிற புக்கு..."

"அதுவா? நேத்துதாங்க எடுத்தேன். ஒரு வாரமா தூக்கமே இல்ல. நீங்களும் அலைஞ்சுக்கிட்டே இருக்கீங்க, உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு..."

"குடிச்சியா?" அவர் கத்திய சத்தத்தில் தொழிற்சாலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எத்தனை போட்ட?"

"எதுக்குக் கத்துறீங்க? காலே கால்தான் போட்டேன். நல்லாத் தூங்கி இப்பத்தான் எந்திரிச்சேன்."

அவர் லோரியின் மேல் சாய்ந்துகொண்டார்.

"ஆனா என்னங்க," என்றாள் புஷ்பவல்லி. "அலமாரிச் சாவி உங்ககிட்டயும் என்கிட்டயும்தானே இருக்கு? அந்தப் பக்கத்துல நாலைப் பென்சில்ல அடிச்சிட்டு, பக்கத்துல 'கால்'னு எழுதியிருக்கு. பெரிய பெரிய எழுத்தா, இப்பத்தான் எழுதக் கத்துக்கிட்டவங்க மாதிரி. யாருங்க எழுதினது?"