நடந்து வந்த முளைகள்

கடையின் ஷட்டரைத் தூக்க வந்த அம்மா, சாவியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

நேற்று மாலை நகராட்சி ஆட்கள் தெருவில் கடைக்கு ஒன்றாகச் சிவப்பு மர முளைகளை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். இன்று காலை, தெருக்கோடியில் இருக்கும் அம்மாவின் தையல் கடை வாசலில் மட்டும் நான்கு முளைகள்!

"பாத்தியா பட்டன்? நம்ம கடையத்தான் இடிக்கப் போறாங்க." அம்மா ஷட்டரைப் பாதிதான் தூக்கினாள்.

தையல்காரியின் மகள் என்பதால் தெரு அவளுக்கு வைத்த பெயர் பட்டன்.

பழைய நகர மன்றக் கட்டடத்துக்கு வெள்ளையடித்த நாளிலிருந்தே தெருவில் யாருக்கும் நிம்மதியில்லை. அங்கிருந்து ஏரிவரை நடைபாதை வரப் போகிறதாம். "பாதைக்கு இடம் எங்கேருந்து வரும்? நம்ம தலையிலதான் கை வைப்பாங்க" என்று பக்கத்து ரொட்டிக் கடை மாமா போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

துணி தைக்கக் கொடுக்க வந்த பெண்ணை, "இப்ப எதுவும் எடுக்கலம்மா" என்று அம்மா திருப்பி அனுப்பினாள்.

பட்டன் குத்துக்காலிட்டு முளைகளை உற்றுப் பார்த்தாள். ஒன்று நேராக, சுத்தமாக நின்றது. அதுதான் நேற்று பார்த்தது. மற்ற மூன்றும் கோணல். மூன்றிலும் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தாள். மாவு!

அவற்றில் இரண்டில் மாவுக்கு அடியில் பொடிமயிர். அந்த இரண்டில் ஒன்றில் கறுப்பு மசகு எண்ணெயும் இருந்தது.

பட்டன் தெருவைத் திரும்பிப் பார்த்தாள். சைக்கிள் கடை, அடுத்து முடிவெட்டும் கடை, அடுத்து ரொட்டிக் கடை, கடைசியில் அம்மாவின் கடை.

'அப்படியா சங்கதி! சைக்கிள் கடை அண்ணன் தன் முளையை அடுத்த கடைக்குத் தள்ளியிருக்கார். முடிவெட்டுற அண்ணன் ரெண்டையும் ரொட்டிக் கடைக்கு. மாமா மூணையும் நமக்கு!'

அவள் நேராக ரொட்டிக் கடைக்குப் போனாள்.

"மாமா, உங்க முளை எங்கே?"

"முளையா? எந்த முளை?" மாமா பிசைந்த மாவையே மறுபடி மறுபடி பிசைந்தார்.

பட்டனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவிடம் சொன்னால் தெருவே இரண்டாகிவிடும். 'முதல்ல இந்த முளை எதுக்குன்னு தெரியட்டும்.' இத்தனை பேரில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லையே!

அளவு நாடாவோடு வந்த நகராட்சி அக்காவை அவள் வழிமறித்தாள்.

"அக்கா, எங்க கடைய இடிக்கப் போறீங்களா?"

"இடிக்கிறதா? யார் சொன்னா? ஏரிக்கு நடந்து போறவங்க உக்கார கடைக்கு ஒரு பெஞ்சு, நிழலுக்கு ஒரு மரம். முளை இருக்கிற இடத்துல நாளைக்குக் குழி தோண்டுவோம்." சொல்லிக்கொண்டே திரும்பிய அக்கா திகைத்தார். "என்னது, இங்கே மட்டும் நாலு? யார் நகர்த்தினது?"

ரொட்டிக் கடைக் கதவிடுக்கில் ஒரு மாவு மூக்கு தெரிந்தது. பட்டன் அதைப் பார்த்தாள்.

"தானா நடந்து வந்துடுச்சுக்கா. சாயங்காலத்துக்குள்ள தானா திரும்பிப் போயிடும்."

"மர முளை நடக்குமா?"

"எங்க தெருவுல நடக்கும்."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்.

பட்டன் கதவிடுக்கிடம் சொன்னாள்: "கேட்டீங்கல்ல மாமா? இப்படியே விட்டா நாலு பெஞ்சும் எங்களுக்குத்தான்."

அன்று மாலை மூன்று பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு முளையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் நடந்து போனார்கள். "இவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்ட அம்மாவிடம் பட்டன் பெஞ்சு விஷயத்தைச் சொன்னாள். அம்மா ஓடிப் போய்க் காலையில் வந்த பெண்ணைக் கூப்பிட்டு வந்தாள்.

பெஞ்சுகள் வந்தன. மரக்கன்றுகளும் வந்தன.

பிறகு ஒரு காலை, கடைக்கொன்றாகத் தரையில் நீல வட்டங்கள் முளைத்திருந்தன. ரொட்டிக் கடை மாமா தம் வட்டத்தின்மேல் நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, இது எதுக்குன்னு கேட்டீங்களா?"

"கேக்கல. எதுவா இருந்தாலும் இது என்னோடது!"