கோமதிநாயகத்தின் வேர்ப்பிடி

விடிந்ததும், பல் விளக்குவதற்கு முன்னால், பவளமுத்து சுவரின் அடியிலிருந்த குழாயைத் திறந்து, இரவெல்லாம் தானும் மனைவியும் விட்ட மூச்சைக் குடத்தில் பிடித்தார்.

செவ்வாய்க் கோளின் புதுச்சாத்தூரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். தரைக்கடியில் குடைந்த வீடுகள். மனிதன் விடும் மூச்சின் ஈரத்தைச் சுவர் உறிஞ்சி, காலையில் தண்ணீராகத் திருப்பித் தரும். சமையலுக்குப் போக மீதி வெள்ளரிக்கு.

"அண்ணாச்சி, இன்னைக்குத் தண்ணி கூடுதல்," என்றது வீட்டுமதி. வீட்டை நிர்வகிக்கும் அந்த இயந்திரத்துக்குக் கை கால் கிடையாது. வாய் மட்டும் உண்டு. "அக்கா மூச்சு எப்பவும்போலத்தான். உங்க பெருமூச்சுதான் சாஸ்தி."

"உன்னைக் கேட்டேனா?"

"கேக்கலை."

பூமியிலிருந்து கிளம்பிய அன்று ஆளையும் பெட்டியையும் தராசில் ஏற்றி, கூடுதலாக இருந்த ஊறுகாய் பாட்டிலைக்கூடப் பிடுங்கிவைத்துக்கொண்டார்கள். எடையே இல்லாத சரக்கு ஒன்று உண்டு. அதை யாரும் சோதிக்கவில்லை. பவளமுத்து அதைத்தான் நெஞ்சு நிறையக் கொண்டுவந்திருந்தார்.

அடுத்த வீட்டுக் கோமதிநாயகத்தின் வெள்ளரி கூரையைத் தொட்டுவிட்டது. காய் ஒவ்வொன்றும் குழந்தையின் முன்கை அளவு. பவளமுத்துவின் கொடியோ விருந்துக்கு அழைக்கப்படாத உறவுக்காரன் மாதிரி மூலையில் சுருண்டு கிடந்தது.

வெறும் செடி விவகாரமாக இருந்தால் போகிறது என்று விட்டிருப்பார். இறங்குதளத்தில் இருந்த ஒரே கடையை, அடுத்த கப்பல் வரும் நாளில் எவன் கொடி நன்றாகக் காய்த்திருக்கிறதோ அவனுக்கே தருவதாக ஊர்ச்சபை அறிவித்திருந்தது. மாதக்கணக்காகக் குழாயில் அடைத்த கூழைத் தின்றுவிட்டு இறங்குகிறவன் முன்னால், கீறி மிளகாய்ப்பொடி தடவிய பச்சை வெள்ளரியை நீட்டினால் கையிலிருப்பதைக் கழற்றிக் கொடுப்பான். பேரமே இருக்காது. அந்தக் கடை இன்னொருவனுக்குப் போவதா?

செவ்வாய் மண்ணில் நச்சு உப்பு. அதனால் எல்லோரும் தண்ணீரில்தான் பயிர் வைத்தார்கள். வேர் பற்றிக்கொள்ள மட்டும் தொட்டியில் ஏதாவது நிரப்ப வேண்டும். அதற்கு வேர்ப்பிடி என்று பெயர். ரகசியம் அதில்தான் இருக்கிறது என்பது பவளமுத்துவின் முடிவு. மற்றதெல்லாம் இருவருக்கும் ஒன்று: அதே விதை, அதே உரக் கரைசல், அடுப்படிக் கூரையோடு சேர்த்து வார்த்த அதே வளரொளி விளக்கு.

முதலில் பூமியிலிருந்து வந்த தேங்காய்நார் போட்டார். அது தண்ணீரைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. பிறகு சுட்ட களிமண் உருண்டை. பிறகு எரிமலைக் கல்லைப் பொரி மாதிரி பொரித்து எடுக்கும் பொரிகல். அது காற்றில் மிதந்து அடுப்படியெல்லாம் பரவியது. உப்புப் போகக் கழுவிய சரளை, பாறையை உருக்கி நூலாக இழுத்த கல்பஞ்சு என்று விலைக்குக் கிடைத்ததெல்லாம் தீர்ந்த பிறகு வீட்டில் இருந்தவற்றில் கை வைத்தார்.

"ஏங்க, என் தலகாணி எங்க?" என்றாள் மாரிக்கனி.

பவளமுத்து வெள்ளரியைப் பார்த்தார். மாரிக்கனியும் பார்த்தாள். தொட்டிக்குள் தலையணைப் பஞ்சு ஊறிக் கிடந்தது.

"அந்தாளுகிட்ட வாயத் தொறந்து கேட்டா என்ன?" என்றாள்.

"கேட்டா சொல்லிருவானாக்கும்!"

ஆனாலும் கேட்டார். கோமதிநாயகம் வெள்ளையாகச் சிரித்தார். "இதுல என்ன அண்ணாச்சி இருக்கு? ஒடஞ்ச பீங்கான் கப்பு. சில்லு சில்லா நொறுக்கிப் போட்டிருக்கேன். வேணும்னா அள்ளிக்கிட்டுப் போங்க."

பவளமுத்து பிறந்த குடும்பத்தில், கேட்டதும் சொல்லும் விலை விலையே அல்ல. முதல் பதில் என்பது பேச்சை ஆரம்பிக்க வைக்கும் பதில். அதை உண்மை என்று எடுத்துக்கொள்கிறவன் கடைத்தெருப் பக்கம் வரவே கூடாது. ஆகவே கோமதிநாயகம் கூசாமல் பொய் சொல்கிறார் என்று பவளமுத்து முடிவு கட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று, தன் வீட்டிலிருந்த நல்ல கப்புகளையும் உடைத்துத் தொட்டியில் போட்டுவைத்தார். அன்றிலிருந்து மாரிக்கனி அவருக்குக் குழம்புக் கரண்டியில் காப்பி கொடுத்தாள்.

கொடி அசையவில்லை.

கோமதிநாயகம் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வாசலைத் திறக்கும் இயந்திரத்திடம் உப்பு வாங்க வந்ததாகச் சொல்லி உள்ளே நுழைந்து, தொட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளி வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு வந்தார் பவளமுத்து. "என்னன்னு பாரு," என்று வீட்டுமதியின் கண்ணாடிக் கண் முன்னால் பரப்பினார்.

"பீங்கான். கப்புல ஒடஞ்சது. ஒண்ணுல பிடிகூட ஒட்டிக்கிட்டிருக்கு."

பவளமுத்து உட்கார்ந்துவிட்டார். உண்மையைச் சொல்லியிருக்கிறான்! இதைவிடப் பெரிய ஏமாற்று வேலை எதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

"அப்புறம் எப்படிலே அவனுக்கு மட்டும் வளருது?"

"காத்து," என்றது வீட்டுமதி. "இந்த வரிசையில காத்து ஒரு திசையிலதான் போகும் அண்ணாச்சி. முதல் வீடு காலி. அங்கருந்து உங்க அடுப்படிக்குள்ள வருது. உங்க படுக்கையறை வழியா வெளிய போயி, நேரா அவர் அடுப்படிக்குள்ள நுழையுது. செடிக்குச் சாப்பாடே கரியமிலவாயுதான். தூங்குற மனுசன் கொஞ்சமா விடுவான். வயிறு எரிஞ்சு முழிச்சுப் புரள்றவன் அள்ளி விடுவான். ஈரத்தைச் சுவர் எடுத்துக்கும், மிச்சம் அவர் வெள்ளரிக்கு. ராத்திரிதான் அவர் விளக்கும் போடுறாரு."

பவளமுத்து படுக்கையறைச் சுவரிலிருந்த காற்றுவழியை எட்டிப் பார்த்தார்.

"அவர் செடி வளர்றதப் பாத்து நீங்க பெருமூச்சு விடுறீக. நீங்க விட விட அது வளருது."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"வேர்ப்பிடியப் பத்தித்தான கேட்டீக. காத்தப் பத்திக் கேக்கலையே."

அன்றே பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்து வெள்ளரியின் காலடியில் படுத்தார் பவளமுத்து. இனி என் மூச்சு எனக்கு! ஆனால் மர்மம் உடைந்த நிம்மதி, எதிராளிக்குப் போன சாப்பாட்டை அடைத்துவிட்ட சந்தோஷம். படுத்ததும் குழந்தையாகத் தூங்கிப்போனார். காலையில் குடத்தில் தண்ணீர் பாதிதான் இருந்தது. செடிக்குப் பட்டினி.

"இப்படித் தூங்குனா வெளங்காது அண்ணாச்சி," என்றது வீட்டுமதி.

தண்ணீர் எடுக்க வந்து அவர் காலில் தடுக்கி விழப்போன மாரிக்கனி, "இன்னொரு ராத்திரி நீங்க இங்க படுத்தீகன்னா, நான் எந்தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன்," என்றாள்.

தங்கச்சி! பவளமுத்து எழுந்து உட்கார்ந்தார். தங்கச்சிக்கு ஒரு புருஷன் இருக்கிறான். சகலை செல்லப்பாண்டி. பூமியில் இவர் ஸ்கூட்டர் வாங்கியபோது கார் வாங்கியவன். இவர் செவ்வாய்க்குச் சீட்டு எடுத்ததும் ஜன்னலோரச் சீட்டு எடுத்தவன். வயிற்றெரிச்சலில் இந்தக் கோளிலேயே அவனுக்கு நிகர் கிடையாது. முதல் வீடு காலியாக வேறு கிடக்கிறது.

"நீ எதுக்கு அங்க போகணும்? அவுகள இங்க வரச் சொல்லு. அக்கா தங்கச்சி பக்கத்துல பக்கத்துல இருங்க," என்றார் வாயெல்லாம் பல்லாக.

சபையில் இவரே அலைந்து வீட்டை வாங்கிக் கொடுத்தார். சுவரை இவரே துடைத்தார். சகலை குடிவந்த அன்று, கொடியில் கிடந்த ஒரே காய்க்கு எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கி, வளரொளியைக் கூட்டிவைத்து, அடுப்படிக்கு அழைத்துவந்தார்.

"பாருங்க சகலை. நம்ம வெள்ளரி."

செல்லப்பாண்டி குனிந்து பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அவர் முகத்தில் விளக்கேற்றியது போல ஒரு தெளிவு பரவியது.

"இம்புட்டுத்தானா?" என்றார்.

மறுநாள் காலை சகலை சோம்பல் முறித்துக்கொண்டே வந்தார். "என்ன ஊரு சகலை இது! கல்யாணத்துக்குப் பெறகு நான் இப்பிடித் தூங்குனதே இல்ல. உங்க செடிய நெனச்சேன், அப்பிடியே கண்ணச் சொக்கிருச்சு."

அடுத்தவன் பொறாமைப்படுவதற்குத் தன்னிடம் முதலில் ஏதாவது இருக்க வேண்டும் என்கிற சின்ன விஷயம் பவளமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு படுக்கையில் கிடந்த பவளமுத்துவுக்கு, காற்றுவழியில் சகலையின் குறட்டை தெளிவாகக் கேட்டது. மனநிறைவோடு தூங்குகிறவனின் சீரான குறட்டை. அதைக் கேட்கக் கேட்க இவருக்கு நெஞ்சு காந்தியது. வேண்டாம், வேண்டாம் என்று மூச்சை அடக்கிப் பார்த்தார். அடக்கிய மூச்சு சேர்ந்துகொண்டு மொத்தமாக வந்தது. ஒரு பக்கம் கடை, ஒரு பக்கம் குறட்டை. குடம் நிரம்பி வழிந்தது.

கப்பல் வந்த அன்று, சபையார் பவளமுத்துவின் அடுப்படியில் அதிக நேரம் செலவழிக்கவில்லை. கோமதிநாயகத்தின் அடுப்படிக்குள் அவர்களால் நுழையவே முடியவில்லை. கொடி வாசலை அடைத்திருந்தது.

சாயங்காலம், கடைச் சாவி இடுப்பில் தொங்க, கோமதிநாயகம் தட்டில் ஒரு வெள்ளரியைக் கீறி, மிளகாய்ப்பொடி தடவி எடுத்துக்கொண்டு வந்தார். "மொத காய் உங்களுக்குத்தான் அண்ணாச்சி. எல்லாம் நீங்க குடுத்தது," என்றார். இந்த ஊரில் பெரியவர்களிடம் சொல்லும் சம்பிரதாய வார்த்தைதான். பவளமுத்து அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். தெரிந்து சொல்கிறானா, தெரியாமல் சொல்கிறானா? கண்டுபிடிக்க முடியவில்லை.

கசக்கும் என்று எதிர்பார்த்துக் கடித்தார். இளநீர் மாதிரி இருந்தது.

பவளமுத்து நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்து, மெல்ல விட்டார். அது அறையைக் கடந்து, காற்றுவழிக்குள் நுழைந்து, அடுத்த வீட்டை நோக்கிப் போனது.