பின்கதவில் தண்ணீர்

திருப்பத்தில் வண்டியை ஒடித்தபோது, பின்னால் இடப்பக்கக் கதவுக்குள் தண்ணீர் அலம்பியது. அரைக்குடம் தண்ணீரை இடுப்பில் வைத்து யாரோ நடப்பதுபோல் ஒரு சத்தம். முத்தமிழ் கண்ணாடியில் பார்த்தாள். பின்சீட்டில் அப்பா வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். மழை பெய்து மாதங்களாகின்றன. சாலையோரம் நெடுங்காடு வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. அதில் ஆடுகள் நின்றன.

அப்பாவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் காரைக்காலில் டயாலிசிஸ். பேருந்தில் திரும்பும்போது அவர் மயங்கி விழுந்த பிறகு வாங்கிய பழைய கார் இது. பள்ளியில் அரைநாள் விடுப்பு, மருத்துவமனை நாற்காலி, திரும்பி வந்து சமையல். இப்போது இதுவும்.

கோட்டுச்சேரியில் பட்டறை வைத்திருக்கும் காஜா நஜ்முதீன் கதவின் உள்பக்கத்தைக் கழற்றினார். உலர்ந்திருந்தது. ஆனால் அழுகிய வைக்கோலும் நத்தையும் கலந்த ஒரு சேற்றுவாடை மெல்ல வெளியே வந்து, வெயிலில் நின்ற இருவரையும் சுற்றிக்கொண்டது.

"எலி செத்திருக்கா பாய்?"

"எலி செத்தா இப்படியா நாறும்? இது வாய்க்கா வாடைம்மா." அவர் கதவைத் தடவினார். "வண்டி பழசு, உள்கைப்பிடி மட்டும் புதுசா இருக்கு. முன்னாடி என்னென்ன வேலை பாத்தாங்கன்னு சர்வீஸ்ல கேளுங்க."

"கல்யாணம் முடிஞ்சப்புறம் ஜாதகம் பாக்கச் சொல்றீங்க."

"பாத்து வச்சா சண்டைக்காவது உதவும்ல."

சர்வீஸ் சென்டரில் இருந்த பெண் வண்டி எண்ணைத் தட்டிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வருஷா வருஷம் ஒரே வேலைதான் மேடம். பின்னாடி கார்ப்பெட் மாத்தியிருக்காங்க. இடப்பக்கக் கதவுல உள்கைப்பிடி உடைஞ்சிருக்கு, மாத்தியிருக்காங்க. எல்லாமே ஜூலை வாக்குல."

"ஒரே ஓனரா?"

"இல்ல மேடம். ஒவ்வொரு தடவையும் வேற ஆளு."

வண்டியை அவளுக்கு விற்றவர் கமாலுதீன். போனில் அவள் பெயரைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"தண்ணி வந்துருச்சாம்மா?"

"கதவுலயா?"

"வாய்க்கால்ல."

"இன்னும் இல்லைங்க. மேட்டூர்ல தொறந்திருக்காங்க. கடைமடைக்கு வர நாளாகும்."

"வர்றதுக்குள்ள கைமாத்தி விட்ருங்க." அவர் குரல் தாழ்ந்தது. "மொத ஓனரு உங்க ஊரு வாய்க்கால்லதான் வண்டியை விட்டாரு. தண்ணி நெறைஞ்சு போற நேரம். அவரு கரையேறிட்டாரு. பின்சீட்ல அவரு மக இருந்துச்சு. கதவைத் தொறக்க முடியல. போன வருஷம் தண்ணி வந்த அன்னைக்கு எங்க வீட்ல வண்டி காலியா நின்னுச்சு. அல்ஹம்துலில்லாஹ்."

"எங்கிட்ட சொல்லலையே நீங்க."

"எங்கிட்ட யாரும்மா சொன்னா?"

கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. தரகர் செல்லையனைக் கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை நெரவியிலேர்ந்து ஒரு குடும்பம் பாக்க வருது டீச்சர். கைக்குழந்தை இருக்கு, அவசரமா கேக்குறாங்க."

சொல்ல வாயெடுத்தாள்.

"வரச் சொல்லுங்க" என்றாள்.

கல்லணை திறந்த செய்தி வந்த அன்று கதவில் அலம்பல் கனத்தது. தண்ணீர் கும்பகோணத்தைத் தாண்டியதாகப் பால்காரர் சொன்ன காலை, பின்னால் கால் வைக்கும் இடம் நனைந்திருந்தது. இங்கே திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். சனிக்கிழமை டயாலிசிஸைத் தள்ளிப்போட முடியாது. இன்னும் ஒரே ஒரு நடை.

போகும்போது அப்பாவை முன்னால் உட்கார வைத்தாள். திரும்பும்போது அவருக்குத் தலை நிற்கவில்லை.

"பின்னாடி படுத்துக்கறேம்மா."

"இடப்பக்கக் கதவுகிட்ட போவாதீங்கப்பா."

"ஏன், கடிச்சிடுமா?"

வீட்டை அடைந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. வழியெங்கும் கதவு அலம்பவே இல்லை. அந்த நிம்மதியில் இறங்கி, வாசல் கேட்டைத் திறந்து, அதன் கொக்கியைக் குனிந்து மாட்டிக்கொண்டிருந்தபோது, எதிரே வாய்க்கால் கரையில் அடுத்த வீட்டு அல்லி கத்துவது கேட்டது.

"டீச்சர்! தண்ணி வந்துருச்சு!"

அவள் கரைப்பக்கம் நாலடி நடந்து பார்த்தாள். நுரையும் சருகுமாக ஒரு பழுப்புக் கோடு வெடிப்புகளை மூடிக்கொண்டே வந்தது. கரையில் பெண்கள் கூடிவிட்டார்கள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். யாரோ பூவை விட்டெறிந்தார்கள். குலவைச் சத்தம்.

பின்னால் காரின் பூட்டுகள் விழுந்தன. எல்லாம் ஒன்றாக.

அவள் திரும்பினாள்.

கார் காய்ந்த மண்ணில் நின்றது. வெளியே ஒரு சொட்டு ஈரமில்லை. உள்ளே கண்ணாடியில் பழுப்புத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. சீட் மறைந்தது. ஸ்டியரிங் மறைந்தது.

ஓடினாள். கதவை இழுத்தாள். செங்கல்லை எடுத்து அடித்தாள். செங்கல் உடைந்தது. கத்தினாள். குலவை ஓங்கியது. கரையில் ஒருவரும் திரும்பவில்லை.

தண்ணீர் கூரையைத் தொட்டது.

அப்பாவின் நரைமுடி மேலே மிதந்தது. கண் திறந்திருந்தது. அவளைத்தான் பார்த்தார். ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்த கையைத் தூக்கிக் கண்ணாடியில் வைத்தார். அவள் வெளியிலிருந்து அதன்மேல் தன் கையை அழுத்தினாள்.

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கை வந்தது.

அவருடைய விரல்களைக் கண்ணாடியிலிருந்து எடுத்தது. மெல்ல. ஒவ்வொன்றாக.